பத்திரம் எழுதினால் பந்தம் முடியுமா?

கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஒரு பகல் முழுவதும் பேச்சு நடந்தது. மாலையில் முத்திரைத் தாள் வந்தது. பத்திரம் எழுதி முடித்தார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிகளும் போட்டார்கள். சீர்ப் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பெண் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்துவிட்டதா?

"முடிந்துவிட்டது" என்கிறது ஊர். "முடியவில்லை" என்கிறது சட்டம்!

ஊர் சொன்னதை நம்பி, அந்தக் கணவன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். சில இடங்களில் அந்த மனைவியும் வேறு கல்யாணம் செய்துகொள்கிறாள். குழந்தைகள் பிறக்கின்றன. 10 ஆண்டு, 15 ஆண்டு கழித்து வீட்டில் ஒரு சாவு விழுகிறது. அல்லது ஒரு நிலம் விலைக்கு வருகிறது. அப்போதுதான் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த பத்திரம் வெளியே வருகிறது. அதைப் படித்துப் பார்த்த வக்கீல் உதட்டைப் பிதுக்குகிறார்.

"அத்து விடுவது"

தர்மபுரிப் பக்கம் இதற்குத் "தீர்த்து விடுவது" என்று பெயர். "அத்து விடுவது" என்றும் சொல்வார்கள். அறுத்து விடுவதுதான் பேச்சு வழக்கில் அப்படி ஆயிற்று.

பென்னாகரம் ஆனாலும் சரி, பாலக்கோடு ஆனாலும் சரி, அரூர் ஆனாலும் சரி, காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். கோயில் திண்ணையில் அல்லது மரத்தடியில் கூட்டம். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்று தொடங்கும். எத்தனை பவுன் போட்டார்கள், அதில் எத்தனை அடகில் இருக்கிறது என்று வளரும். கடைசியில் ஒரு தொகைக்கு வந்து நிற்கும்.

"என்னம்மா, உனக்குச் சம்மதந்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்பார்.

பெண் தலை குனிந்து நிற்பாள்.

"சம்மதந்தாங்க" என்று அவளுடைய அப்பா பதில் சொல்வார். அவ்வளவுதான்!

பெரியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. கோர்ட்டு என்றால் பஸ் செலவு, வக்கீல் பீஸ், வாய்தாவுக்கு மேல் வாய்தா. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போயிருக்கிறவர்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு வர முடியுமா? பஞ்சாயத்தில் ஒரே நாளில் வேலை முடிகிறது. அதனால்தான் மரத்தடிக் கூட்டம் இன்னும் ஓயவில்லை.

பழைய காலத்தில் பத்திரம்கூட இல்லை. பெரியவர்கள் முன்னிலையில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. "துரும்பு கிள்ளிப் போடுதல்" என்றால் கல்யாண உறவை முறித்தல் என்று தமிழ் அகராதியே பொருள் சொல்கிறது. ஆனால் எல்லாச் சமூகங்களிலும் இந்த வழக்கம் இருந்ததில்லை. சிலவற்றில் கல்யாணம் என்றால் சாகும் வரைக்கும்தான்!

சென்னை மாகாணத்தில் இந்துக்கள் கோர்ட்டு மூலம் விவாகரத்துப் பெற வழி செய்த சட்டம் 1949-ல் வந்தது. அப்போது தர்மபுரி தனி மாவட்டம் அல்ல. சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. (1965 அக்டோபர் 2-ந் தேதிதான் தனி மாவட்டம் ஆனது.) அதன் பிறகு 1955-ல் நாட்டுக்கே பொதுவான இந்து திருமணச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் பழைய வழக்கத்தை அடியோடு ஒழிக்கவில்லை. 29-வது பிரிவில் ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்தது. ஒரு சமூகத்தில் வழக்கப்படி கல்யாணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருந்தால், அந்த உரிமை போகாது என்று சொன்னது.

இந்தக் கதவு இருப்பதை ஊர் தெரிந்து வைத்திருக்கிறது. அது எவ்வளவு குறுகலானது என்பது ஊருக்குத் தெரியாது! "எங்கள் சாதியில் இப்படித்தான்" என்று வாயால் சொன்னால் கோர்ட்டு ஏற்காது. அந்த வழக்கம் நெடுங்காலமாக, விடாமல் நடந்து வருகிறது என்று மனுவிலேயே சொல்ல வேண்டும். சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்கவும் வேண்டும். 2002-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில், "என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்று மனைவி முறையிட்டிருந்தாள். 2004-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் அதே கதைதான். பத்திரம் இருந்தது, வழக்கம் நிரூபிக்கப்படவில்லை. கல்யாணம் முறிந்ததாகச் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்து வரிகள்

பிரிவுப் பத்திரங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஊரும் பேரும் தொகையும்தான் மாறும். சாதாரணமாக அதில் ஐந்து வரிகள் இருக்கும்.

"நாங்கள் இருவரும் மனமொத்து இன்று முதல் பிரிந்துவிட்டோம்." "இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது." "ஒருவர் மறுமணம் செய்துகொள்வதில் மற்றவருக்கு ஆட்சேபணை இல்லை." "ரொக்கம் பெற்றுக்கொண்டேன்; இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்." "குழந்தை தாயிடம் இருக்கும். தகப்பனுக்குப் பொறுப்பு இல்லை."

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு குழி இருக்கிறது.

முதல் வரியில்தான் பெரிய குழி. "மனமொத்துப் பிரிந்தோம்" என்பது கௌரவமான சொல்லாகத் தெரியும். சண்டை போட்டோம், அடித்தான், துரத்தினான் என்றெல்லாம் எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் அப்படி எழுதச் சொல்வார்கள். இப்போது சட்டத்தைப் பாருங்கள். வைத்துக் காப்பாற்றாத கணவனிடம் மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு வழி செய்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு இருக்கிறது. இந்தப் பிரிவுக்குள்ளேயே ஒரு விலக்கு உண்டு. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் தனித்தனியாக வாழ்ந்தால், மனைவிக்கு இந்தப் பிரிவின்படி ஜீவனாம்சம் கிடையாது!

கணவனுடைய வக்கீல் பத்திரத்தை நீட்டுவார். "இதோ, மனமொத்துப் பிரிந்தோம் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்பார். அடி தாங்காமல்தான் வெளியே வந்தேன், சம்மதம் என்பதெல்லாம் பேருக்குத்தான் என்று அந்தப் பெண் நிரூபித்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்ட்டில் முறைப்படி பரஸ்பர சம்மத விவாகரத்துப் பெற்ற பெண்ணுக்கு இந்தத் தடை பொருந்தாது. மறுமணம் செய்யாமல், பிழைக்க வழியும் இல்லாமல் இருந்தால் அவள் ஜீவனாம்சம் கேட்கலாம். 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதாவது, கல்யாணமே ரத்தான பெண்ணுக்கு வழி இருக்கிறது. கல்யாணம் ரத்தாகாமல், பத்திரத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் மனைவிக்கு வழி அடைபடுகிறது!

இரண்டாவது வரி பாத்தியதை பற்றியது. கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாத வரை மனைவி மனைவிதான். உயில் எழுதாமல் கணவன் இறந்தால், 20 ஆண்டு பிரிந்திருந்தாலும் அவளே முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளோடும் மாமியாரோடும் அவளுக்கும் பங்கு உண்டு. இடையில் வந்தவள் எத்தனை ஆண்டு சோறாக்கிப் போட்டிருந்தாலும், அவள் சட்டப்படி மனைவி அல்ல. குடும்ப பென்ஷன், வருங்கால வைப்பு நிதி என்று போகும்போது அந்தப் பெண்ணுக்கு வரும் கஷ்டத்தைச் சொல்லி மாளாது. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் இரக்கம் காட்டுகிறது. அவர்கள் முறையான பிள்ளைகளே. தகப்பன் சொத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு; கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

மூன்றாவது வரிக்கு அதிக விளக்கம் வேண்டாம். மனைவி "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தாலும், முதல் கல்யாணம் நிலைத்திருக்கும்போது செய்யும் இரண்டாவது கல்யாணம் செல்லாது. அது குற்றமும்கூட. 7 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494-வது பிரிவில் இருந்த இந்தக் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் இருக்கிறது. ஆணுக்கும் இதே சட்டம்தான்; பெண்ணுக்கும் இதே சட்டம்தான்.

ஒரு பெண்ணின் வழக்கு

தெலுங்கானாவிலிருந்து டெல்லி வரை போன ஒரு வழக்கைக் கேளுங்கள்.

ஒரு பெண்ணும் அவளுடைய கணவரும் 2005-ல் பிரிவு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை. சில நாளில் அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் கல்யாணம் அவருக்குத் தெரியாதது அல்ல. பின்னால் அவரே கோர்ட்டுக்குப் போனார். அவளுடைய முதல் கல்யாணம் ரத்தாகவில்லை என்று காட்டி, தங்கள் கல்யாணத்தைச் செல்லாததாக்கிக்கொண்டார். அதன் பிறகு அதே பெண்ணையே மறுபடியும் கட்டிக்கொண்டார்! 2008-ல் ஒரு மகள் பிறந்தாள். பிறகு பிணக்கு வந்தது. அவள் ஜீவனாம்சம் கேட்டாள். "நீ என் சட்டப்படியான மனைவியே அல்ல" என்றார் அவர்.

ஐகோர்ட்டு அவர் பக்கம் சாய்ந்தது. மகளுக்கு உண்டு, அவளுக்கு இல்லை என்றது. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. எல்லாம் தெரிந்தே கல்யாணம் செய்தவர் இப்போது சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது. முதல் கணவரை அவள் உண்மையில் பிரிந்துவிட்டாள், அவரிடமிருந்து அவளுக்கு ஜீவனாம்சமும் வரவில்லை. ஆகவே இவர் கொடுக்க வேண்டும் என்றது.

அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அதற்கு எத்தனை ஆண்டு! எத்தனை கோர்ட்டு! இத்தனைக்குப் பிறகும் அவளுக்குக் கிடைத்தது ஜீவனாம்சம்தான். அந்தப் பிரிவு ஒப்பந்தத்தை விவாகரத்துத் தீர்ப்பாகச் சுப்ரீம் கோர்ட்டும் கருதவில்லை.

8,000 ரூபாய்

மீதி இருப்பது நான்காவது, ஐந்தாவது வரிகள். "இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்."

கர்நாடகத்தில் ஒரு மனைவி 8,000 ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, இனி மாத ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டாள். அது மரத்தடியில் நடந்தது அல்ல. கோர்ட்டு வழக்கிலேயே செய்துகொண்ட ராஜி. காலம் போயிற்று. 8,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? அவள் வேறொரு சட்டத்தின் கீழ் மறுபடியும் ஜீவனாம்சம் கேட்டாள். "ராஜி எழுதியாகிவிட்டது, இனி கேட்க முடியாது" என்று கணவன் சுப்ரீம் கோர்ட்டு வரை போனான். 2013 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மனைவி தன் ஜீவனாம்ச உரிமையை முழுவதும் விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் பொது நலனுக்கு விரோதமானது. அது அவளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நியாயம் அல்ல. இங்கிலாந்தில் 1929-லேயே இதைப் போன்ற வழக்கு ஒன்று பிரபுக்கள் சபைக்குப் போனது. அந்த மனைவி பெற்றது சின்னத் தொகை அல்ல. மொத்தமாக ரொக்கம். ஆயுள் முழுவதும் வாரத்துக்கு 20 பவுன்! (தங்கப் பவுன் அல்ல, இங்கிலாந்துப் பணம்.) இனி எதுவும் கேட்பதில்லை என்று பிரிவுப் பத்திரத்தில் எழுதியிருந்தாள். பிறகு விவாகரத்து ஆனபோது மேலும் கேட்டாள். கேட்கலாம் என்றது சபை. கோர்ட்டுக்குப் போகும் உரிமையை ஒரு மனைவி பத்திரத்தில் எழுதி விற்றுவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் ஊரில் வாங்கிய தொகைக்குக் கணக்கே இல்லையா? உண்டு. இறுதியாக விவாகரத்து வழக்கில் தொகை முடிவாகும்போது, முன்பு கொடுத்ததைக் கோர்ட்டு கவனிக்கும். உண்மையிலேயே கைக்கு வந்ததா, அப்போது அது நியாயமான தொகைதானா, இப்போது கணவன் வருமானம் என்ன, அவள் நிலைமை என்ன என்று எல்லாவற்றையும் பார்க்கும். வாங்கியதை எழுதிக்கொள்ளும், அதோடு கதவைச் சாத்தாது.

குழந்தை விஷயத்தில் பேச்சுக்கே இடம் இல்லை. குழந்தையின் சோறும் படிப்பும் குழந்தையின் உரிமை. அதைத் தாயும் தகப்பனும் சேர்ந்து எழுதிக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. குழந்தை யாரிடம் இருப்பது என்பதையும், அதன் நன்மையைப் பார்த்துக் கோர்ட்டு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பத்திரத்தைக் கிழித்துப் போடுவதா?

வேண்டாம்! பிரிவுப் பத்திரம் விவாகரத்து ஆகாது. ஆனால் விவாகரத்துக்குப் போகும் வழியில் அது நல்ல கைத்தடி.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், முறைப்படி எழுதிய பிரிவு ஒப்பந்தத்தின்படி ஓராண்டு தனித்தனியாக வாழ்ந்தால், அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். இங்கே அப்படி நேர் வழி இல்லை. சுற்று வழி இருக்கிறது.

1976-ல் இந்து திருமணச் சட்டத்தில் 13-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன் இருவரும் ஒப்புக்கொண்டாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் அந்தச் சட்டத்தில் விவாகரத்து இல்லை. யாராவது ஒருவர் மீது குற்றம் சாட்டித்தான் ஆக வேண்டும். 13-பி வந்த பிறகு, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்த தம்பதிகள் சேர்ந்து மனுப் போடலாம். முதல் மனுவிலிருந்து 6 மாதம் பொறுக்க வேண்டும். பிறகு இருவரும் மறுபடி வந்து, "இன்னும் அதே எண்ணம்தான்" என்று சொல்ல வேண்டும். 18 மாதத்துக்குள் வராவிட்டால் மனு வீணாகும்.

ஊர்ப் பத்திரம் இங்கேதான் உதவுகிறது. எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்பதற்கு அது எழுத்துச் சாட்சி. எத்தனை பவுன், எத்தனை பாத்திரம், எவ்வளவு ரொக்கம் என்று பட்டியல் இருந்தால் அதுவும் சாட்சி. பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது. அது கணவன் வீட்டில் இருந்தாலும் அவளுடைய சொத்துதான் என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

6 மாதப் பொறுப்பையும் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும். தேதி போட்டு, எல்லா விவரமும் எழுதிய பத்திரம் கையில் இருந்தால் இதைக் காட்டுவது சுலபம்.

ஊரில் பேசிய ஏற்பாடு நியாயமானதாக இருந்தால், அதையே கூட்டு மனுவில் எழுதலாம். கோர்ட்டு இருவரையும் விசாரிக்கும். இங்கே பெண்ணின் அப்பா பதில் சொல்ல முடியாது! பெண்தான் வாய் திறக்க வேண்டும். மனப்பூர்வமான சம்மதம் என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால், அந்த ஏற்பாடு தீர்ப்போடு சேரும். அப்படிச் சேர்ந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். "தருகிறேன்" என்று எழுதிவிட்டுத் தராதவனிடமிருந்து கோர்ட்டு மூலம் வசூலிக்கலாம்.

பணத்தில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்துவிட்டால், மனைவி வராமல் போய்விடுவாளோ என்று கணவனுக்குப் பயம். தீர்ப்புக்குப் பிறகு தருகிறேன் என்றால், தராமல் போய்விடுவானோ என்று மனைவிக்குப் பயம். அதனால் முதல் மனு அன்று ஒரு பகுதி, கடைசி நாளில் நீதிபதி முன்னிலையில் மீதி என்று, டிமாண்டு டிராப்டாகக் கொடுப்பது வக்கீல்கள் கண்ட வழி. ரொக்கமாகக் கைமாற்றினால் பிற்பாடு தகராறுதான்.

இடையில் ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும்? தீர்ப்பு வரும் நாள் வரை இருவர் சம்மதமும் நிற்க வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒருவர் பின்வாங்கினால் பரஸ்பர விவாகரத்து இல்லை. "உறவு அடியோடு முறிந்துவிட்டது" என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டு தன் தனி அதிகாரத்தால் விவாகரத்து கொடுக்கலாம் என்று 2023 மே மாதம் 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டுமே. காரிமங்கலத்திலிருந்து டெல்லிக்குப் போவது எல்லோராலும் ஆகிற காரியமா?

மலைமேல் சட்டம் வேறு

தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். (பேர்தான் மலையாளி, பேசுவது தமிழ்!) இந்து திருமணச் சட்டம் அதன் 2-வது பிரிவின்படி பழங்குடியினருக்குப் பொருந்தாது, மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். ஆகவே மலைமேல் கல்யாணமும் தீர்வும் அவர்கள் வழக்கப்படிதான். அடிவாரத்து ஊரில் செல்லாத பஞ்சாயத்துத் தீர்வு மலைமேல் செல்லலாம். அங்கேயும், தகராறு கோர்ட்டுக்கு வந்தால் வழக்கத்தை நிரூபித்தே ஆக வேண்டும். ஜீவனாம்சச் சட்டமான 144-வது பிரிவு மட்டும் மலை, சமவெளி, சாதி, மதம் பார்ப்பதில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் அந்த வழியில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

கிறிஸ்தவர்களுக்கு 2001 முதல் பரஸ்பர சம்மத விவாகரத்து உண்டு. அதற்கும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சுயமரியாதைக் கல்யாணம் செய்தவர்களும், "ஐயர் இல்லாமல் செய்தோம், ஐயம் இல்லாமல் முறிப்போம்" என்று நினைக்கக் கூடாது. தமிழ்நாடு 1967-ல் செய்த திருத்தத்தால் அந்தக் கல்யாணமும் முழுச் சட்டக் கல்யாணம். முறிப்பதும் கோர்ட்டில்தான்.

நோட்டரி வக்கீலின் சிவப்பு முத்திரை விழுந்துவிட்டால் பத்திரம் கெட்டிப்பட்டுவிட்டது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நோட்டரிகளுக்குக் கல்யாணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ செய்து கொடுக்க அதிகாரம் இல்லை. செய்தால் நடத்தைக் குற்றம் என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எச்சரித்தது. மகளிர் போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொடுக்கும் ஒப்புதலும் அப்படியே. சண்டையை நிறுத்த அது உதவும். கல்யாணத்தை ரத்துச் செய்யாது.

செலவில்லாமல் எங்கே கேட்பது?

செலவுக்குப் பயந்துதான் பலர் மரத்தடியோடு நின்றுவிடுகிறார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அமைப்பு இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டது. பெண்ணாக இருந்தால் போதும்; அவள் வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். பழங்குடியினருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும் இதே சலுகை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து வழி கேட்கலாம். அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181.

2003-ல் செய்த திருத்தத்தால் இன்னொரு வசதியும் வந்தது. கல்யாணம் எங்கே நடந்திருந்தாலும், மனைவி தான் இப்போது வசிக்கும் ஊருக்கு உரிய கோர்ட்டிலேயே மனுப் போடலாம். பெங்களூரில் கணவனோடு இருந்துவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்த பெண், தர்மபுரியிலேயே வழக்கை நடத்தலாம். போகும்போது கையோடு கொண்டு போக வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, ஆதார் அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை வாங்கிய ரசீது. அவற்றோடு, ஊரில் எழுதிய அந்தப் பத்திரத்தின் அசலையும் எடுத்துப் போக வேண்டும். அசல் கணவன் வீட்டில் இருந்தால், செல்போனில் எடுத்த படமாவது வேண்டும்.